ஏ முத்திரை விழுமுன் மட்டாஞ்சேரிக்கு

2009 ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்தரைக்குக் கோயம்புத்தூர் ஜங்ஷனில் எறணாகுளம் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாத பெட்டி. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். வெளியே தூறல், உள்ளே ஈரத் துணி வாசனை. வீட்டில் சொன்னது, "எறணாகுளத்தில் ஒரு இன்டர்வியூ." அம்மா நம்ப வேண்டும் என்பதற்காகச் சான்றிதழ் ஃபைலையும் இடுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். பொறியியல் முடித்து ஒரு வருடமாகிறது. கல்லூரியிலேயே வேலை கொடுத்த கம்பெனி இன்னும் "பிறகு சொல்கிறோம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே இன்டர்வியூ என்றால் வீட்டில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

நான் போனது ஒரு சிநேகிதியைப் பார்க்க. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. பெயர் செல்வி, ஊர் மட்டாஞ்சேரி, வயது இருபத்து நாலு என்று அவளே தட்டச்சு செய்து சொன்னது மட்டும் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே படிப்பவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. கணினிக்குள் ஓர் உலகம் இருக்கிறது. இணையம் வழியாக அதற்குள் நமக்கென ஓர் உருவத்தோடு நடக்கலாம், பறக்கலாம், பேசலாம். மனை வாங்கலாம். வாங்கிய மனையில் வீடு கட்டலாம். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நானும் செல்வியும் அதை 'உள்ளே' என்றுதான் சொல்வோம். இரண்டு வருடம் முன்பு, உள்ளே ஒரு கடற்கரையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மனை வாங்கினோம். மண்ணைச் சொடுக்கினால் உரிமையாளர் என்று எங்கள் இரண்டு பெயரும் வரும். வாங்கியதோடு சரி, கட்டியதெல்லாம் அவள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை அப்படியே கட்டினாள்: படகுத்துறை, நீலக் கதவு போட்ட சரக்குக் கிட்டங்கிகள், ஓட்டுக் கூரைகள், வீதிக் கடைசியில் தண்ணீருக்குப் படி இறங்கும் அவளுடைய வீடு. வீட்டுச் சுவரில் ஒரு நிஜப் போட்டோ. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர், முன்பல்லில் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அப்பா என்றாள்.

சினிமாவுக்கு யு, யு/ஏ, ஏ என்று சான்றிதழ் கொடுப்பதுபோல, உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் முத்திரை உண்டு. எங்கள் பகுதி நடுத்தரம். அந்த வருடம் பக்கத்து மனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் ஒரே பெயர் வந்தது. யாரோ ஒருவன் எல்லாவற்றையும் வளைத்துவிட்டான். தையல் கடை இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது, அதன் வாசலில் எழுத முடியாத படங்கள். பிறகு உலகத்தை நடத்துகிறவர்களிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் பகுதி முழுவதற்கும் ஏ முத்திரை விழப்போகிறது. அதன்பின் வயதை நிரூபித்தவர்கள் மட்டுமே நுழையலாம். நான் பாஸ்போர்ட் எண் கொடுத்தேன், உடனே ஏற்றுக்கொண்டது. செல்வி வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தாள். மூன்று முறை கொடுத்தாள். பொருந்தவில்லை என்று சொல்லிக் கணக்கையே பூட்டிவிட்டது.

அன்றைக்கு எனக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. "என் கணக்கு பூட்டிட்டாங்க. நீ ஒண்ணும் தொடாதே." அதற்குப் பிறகு அவள் போன் உயிரோடு இல்லை, என் மெயிலுக்கும் பதில் இல்லை. ஒரு வாரமாக.

முத்திரை விழுவது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு. அங்கே நள்ளிரவு, அமெரிக்கக் கடிகாரம். அந்த நேரத்தில் அந்த வீதி அங்கே நின்றால், ஏ முத்திரைக்குள், எந்தச் சுவரைச் சொடுக்கினாலும் கட்டியவள் என்று அவள் பெயர் வர, அவள் அப்பா போட்டோவோடு நிற்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், அவள் மட்டும் வர முடியாது. கூட்டுக்காரி என்ற முறையில் நான் அவற்றை எடுத்து அவளுடைய பெட்டிக்கு, அதாவது அவள் கணக்கோடு இருக்கும் சாமான் பெட்டிக்கு, அனுப்ப முடியும். ஆனால் அவள் 'தொடாதே' என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தியின் வீட்டை அவளைக் கேட்காமல் எப்படிக் கலைப்பது? அதற்காகத்தான் கிளம்பினேன். இன்னொரு காரணத்தை ரயில் ஏறும்வரை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளே இருந்த கூட்டாளிகள் பேசிக்கொண்டார்கள்: பூட்டப்பட்டவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், அல்லது வேறு யாரோபோல நடிப்பவர்கள் என்று. செல்வி யார்?

வாளையாறு தாண்டும்போது மழை பலத்தது. பாலக்காட்டில் ஏறிய ஒரு மாமி என் எதிரே உட்கார்ந்து முறுக்கு நீட்டினார். பாலக்காட்டுத் தமிழ், பாட்டுப் பாடுவதுபோல இழுத்துப் பேசுவது.

"ஒத்தையாவா போறே? யார் ஆத்துக்கு?"

"ஃபிரண்டு வீட்டுக்கு."

"காலேஜ் பழக்கமோ?"

"இல்ல மாமி, கம்ப்யூட்டர்ல."

மாமி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். "மொகம் பாத்திருக்கியோ?"

"இல்ல."

"பேஷ். பொண்ணுதான்னு எப்படித் தெரியும்?"

நான் சிரித்து வைத்தேன்.  பேப்பரில் வாரம் ஒரு செய்தி வருகிறது, சாட்டிங்கில் பழகிய பெண்ணைப் பார்க்கப் போனால் நாற்பது வயது ஆள் நிற்கிறான் என்று. அந்தக் காக்கிச் சட்டைச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அப்பா என்று அவள் மாட்டிவைத்திருக்கும் அந்த ஆள்தான் இரண்டு வருடமாக என்னோடு பேசிக்கொண்டிருந்த ஆளோ? இதுவரை ஒருமுறைகூட இப்படித் தோன்றியதில்லை. தோன்றியபின் போகவும் இல்லை.

திருச்சூரில் இறங்கும்போது மாமி என் தோளைத் தட்டினார். "ஜனங்க இருக்கற எடத்துலயே நில்லு. மாடிப்படி ஏறாதே. ஆரு கூப்டாலும் ஏறாதே."

ஆலுவாவில் பெரியாறு செம்மண் நிறத்தில் பெருகி ஓடியது. வலப்பக்கம் தூரத்தில் ஏலூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். எறணாகுளம் ஜங்ஷனில் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். மெயின் படகுத்துறையில் பெண்களுக்குத் தனி வரிசை, டிக்கெட் இரண்டரை ரூபாய். கொச்சிக்குப் போகிறவர்கள் ஒருமுறையாவது பஸ்ஸை விட்டு இந்தப் படகில் போக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது, படகு ஆடுகிறது, பலகை ஈரம், இருந்தாலும் சொல்கிறேன்.

வடக்கே வல்லார்பாடம் பக்கம் கன்டெய்னர் துறைமுகத்துக்காக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாரந்தூக்கிகள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. வெல்லிங்டன் தீவில் படகு நின்றபோது, பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா அந்தத் தீவே காயலைத் தூர்வாரிய மண்ணில் உண்டாக்கியது என்றார். "மனுஷர் உண்டாக்கிய ஸ்தலம், மோளே." நேற்றுவரை தண்ணீர், இன்றைக்கு மனை எண். உள்ளேயும் அப்படித்தான், நடத்துகிறவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் கடலில் ஒரு தீவு முளைக்கும். இன்னொரு பொத்தானில் மறைந்தும் போகும்.

பத்தேமுக்காலுக்கு மட்டாஞ்சேரித் துறையில் இறங்கினேன். இறங்கியவுடன் எனக்கு வழி தெரிந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஒருபோதும் வராத ஊர். ஆனால் துறை வாசல், வலப்பக்கம் திரும்பும் பஜார் ரோடு, மூன்றாவது கிட்டங்கியின் நீலக் கதவு, அதன் மேல் உடைந்த ஓட்டு வரிசை, எல்லாமே தெரியும். நூறு தடவை நடந்திருக்கிறேன். உள்ளே இல்லாதது வாசனை. சுக்கும் மிளகும் ஈரச் சாக்கும் சேர்ந்து மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. உள்ளே இல்லாதது ஆடுகள். எங்கே பார்த்தாலும் ஆடு, மூட்டைகளின் மேல் ஆடு, ஒரு ஜீப்பின் பானெட் மேல் ஆடு. சுமைக்காரர்கள் 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு மூட்டைகளோடு ஓடினார்கள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கலாம்.

வீதிக் கடைசிக்கு வந்தேன். தண்ணீருக்குப் படி இறங்கும் வீடு இருக்க வேண்டிய இடம்.

வீடு இல்லை. துருப்பிடித்த ஷட்டர் போட்ட ஒரு மிளகுக் கிட்டங்கி. கீழே பூட்டு, பூட்டின் மேல் சிலந்தி வலை. படி இல்லை. நான் இரண்டு முறை திரும்பிப் போய் நீலக் கதவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு ஓடும் சரியாக இருந்தது. வீடு மட்டும் பொய்.  வீதி முழுவதையும் உண்மையாகக் கட்டிவிட்டு, தான் இருக்கும் இடத்தை மட்டும் பொய்யாகக் கட்டியிருக்கிறது யார்?

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். குப்பைத் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. முன்பல்லில் இடைவெளி. போட்டோவிலிருந்த அதே ஆள்.

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் கிட்டே வந்தார்.

"மோளே, நீ கோயமுத்தூரா? செல்வியெ தேடியா வந்தது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையில ஃபைலு, தமிழ்நாட்டு செருப்பு, பூட்டின கோடவுனெ இப்படி மொறைச்சுப் பாக்குற. வேற ஆரு?" சிரித்தார். "ஞான் முருகேசன். செல்விக்கு அப்பன். அவ நெட்டுக் கடையில இருக்கா. வா."

அவர் காட்டியது ஒரு சுக்குக் கிட்டங்கியின் பக்கவாட்டு மாடிப்படி. மரப்படி, உள்ளே இருட்டு. திருச்சூரில் இறங்கிப்போன மாமி காதுக்குள் பேசினார். நான் நின்றேன். அவர் பாதிப் படியில் திரும்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு இறங்கி வந்து வீதியிலேயே என் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "செல்வீ. கீழ வாடீ. உன் கூட்டுகாரி பேடிச்சு நிக்குது."

மேலே ஜன்னலில் ஒரு முகம் வந்தது. ஒல்லியான, கண்ணாடி போட்ட, தூக்கமில்லாத பெண் முகம்.

"தீபாவா?" என்றாள். அந்தக் குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பு. "உள்ள நல்ல உயரமா இருப்பியே."

"நீ மட்டும் என்ன, உள்ள சுருட்டை முடி."

முருகேசன் அங்கிள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுங்க ரெண்டும் இதுவரைக்கும் கண்டதே இல்லையா? ரெண்டு வருஷமா இவளெப் பத்தித்தானே பேச்சு."

அந்தக் கடையில் செல்விதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். ஆறு கணினிகள், அவற்றில் உள்ளே போகக்கூடியது ஒன்றுதான். அதற்கு மட்டும் அவள் தன் காசில் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருக்கிறாள். கடைக்காரர் நாசர் இக்கா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வெள்ளை உடுத்தி, அத்தர் மணக்க, மேசையில் உட்கார்ந்திருந்தார். போன மாதம் பக்கத்து வீதியில் ஒரு நெட் கடையைப் போலீஸ் வந்து பூட்டியதிலிருந்து அவர் கணினிகளுக்கு நடுவிலிருந்த தடுப்புப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டார்.

"போன் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"கணக்கைப் பூட்டின மெயில்ல 'விசாரணை'ன்னு இருந்துச்சு. சிம்மெ ஊரியெடுத்து அரி டப்பால இட்டேன்."

"எதுல?"

"அரிசி டப்பால."

"போலீஸ் அரிசி டப்பாவில பார்க்காதுன்னா?"

"அப்ப புத்தி அவ்வளவுதான் போச்சு." அவள் சிரிக்கவில்லை. "அப்பன் கார்ப்பரேஷன் ஜோலி. வர்ற மார்ச்சுல ரிட்டயரு. இப்பப் போயி 'ஏ' கேசுல மகள் பேருன்னு வந்தா?"

ஏன் பொருந்தவில்லை என்று கேட்டபோது அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். செல்வி பிறந்தது நவம்பரில். ஜூனில் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும், நிறையவில்லை. ஹெட்மாஸ்டர் மே மாதம் என்று எழுதிக்கொண்டார். "கிளாஸுல முக்காவாசிப் பிள்ளையும் மே மாசத்துலதான் பொறந்துச்சு," என்றார் அங்கிள். அந்த மே மாதம் வாக்காளர் அட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. உள்ளே கணக்குத் தொடங்கும்போது செல்வி நவம்பர் என்று எழுதினாள். "ஒரு எடத்துலயாவது நெசத் தேதி கெடக்கட்டும்னு நெனச்சேன்." நெசத்தைச் சொன்ன ஒரே இடம் அவளைப் பொய் என்று பூட்டிவிட்டது. என் வீட்டிலும் இப்படி மாற்றித்தான் எழுதியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் எனக்குச் சான்றிதழ்த் தேதியைத் தவிர வேறு பிறந்தநாள் தெரியாது, அதனால் தப்பித்தேன்.

மணி பதினொன்றே முக்கால். என் கணக்கைத் திறந்து உள்ளே போனேன். திரையில் பஜார் ரோடு விரிந்தது. அங்கிள் குனிந்தார்.

"இது நம்ம ரோடுல்லே? குப்பையே காணோம். ஆரு வாருறது?"

"இங்க குப்பை விழாதுப்பா."

"அப்ப நமக்கு ஜோலி இல்லெ."

என் உருவம் வீதியில் நடந்தது. கடைசியில் வீடு வந்தது. தண்ணீருக்கு இறங்கும் படி, வாசலில் செம்பருத்தி, சுவரில் அவர்.

"இது ஆருக்க வீடு? அங்க மிளகு கோடவுன் அல்லோ?"

செல்வி விசைப்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். "உங்க வீடு, அங்கிள். செல்வி கட்டினது."

அவர் வெகுநேரம் பார்த்தார். கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில் பிறந்து, கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸிலேயே இருப்பவர். மார்ச்சில் அதையும் காலி செய்ய வேண்டும் என்று பிறகு சாப்பிடும்போது தெரிந்துகொண்டேன்.

"எத்தற சென்டு?" என்றார்.

"சென்டுக் கணக்கு இல்லப்பா."

"கரம் கெட்டணுமா, வீட்டு வரி?"

"மாசாமாசம் கெட்டுறோம்."

"கெழக்கால ஒரு ஜன்னல் வெச்சிருக்கலாம். காயல் காத்து வரும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் செல்வியிடம் திரும்பினேன். "எடுத்து அனுப்பிடவா? உன் பெட்டிக்குப் போயிடும். கணக்கு திறந்ததும் வேற எடத்துல கட்டிக்கலாம்."

"பூட்டின பெட்டிக்குள்ள சாதனம் போவுமா? போயிச்சுன்னு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்ப காணாமப் போனா?"

 நிஜமாகவே யாருக்கும் தெரியாது. கேட்டு எழுதிய மெயில்களுக்கு எல்லாம் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றுதான் பதில் வந்திருந்தது. பொருள் பெட்டிக்குத் திரும்பினால் சொந்தக்காரரின் மெயிலுக்கு ஒரு வரி வரும், அது ஒன்றுதான் அடையாளம். அதுவும் பூட்டிய கணக்குக்கு வருமா, தெரியாது. இரண்டு வருட உழைப்பை நான் ஒரு சொடுக்கில் இருட்டுக்குள் எறிய வேண்டும், விழும் சத்தம் கேட்குமா என்று காத்திருக்க வேண்டும். 

"நிக்கட்டும். நீ பாத்துக்கோ," என்றாள் செல்வி. "நீ போயி வரலாம்ல. எனக்குச் சொன்னாப் போதும்."

அப்படியே விட்டிருப்போம். அந்த நேரத்தில் திரையில் ஒரு உருவம் வீட்டுக்குள் நுழைந்தது. கறுப்புக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து வந்தவன். உடம்பில் துணி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாசலைத் தாண்டி, நேரே போட்டோவுக்கு முன்னால் நின்று, ஆடத் தொடங்கினான். என்னைப் பார்த்து ஆட வா என்று எழுதினான்.

அங்கிள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வியின் கழுத்து சிவந்தது.

"எடு," என்றாள். "எல்லாம் எடு."

மணி பன்னிரண்டு பத்து. படகுத்துறையிலிருந்து தொடங்கச் சொன்னாள். அவள் விரல் திரையில் காட்டியது, நான் சொடுக்கினேன். துறை போயிற்று. முதல் கிட்டங்கி போயிற்று, அது நின்ற இடத்தில் வெறும் பச்சை. நீலக் கதவு. ஓட்டு வரிசை. சத்தமே இல்லை, மூக்கில் மட்டும் கீழேயிருந்து வரும் சுக்கு வாசனை. ஒவ்வொன்றையும் சொடுக்குமுன் அவள் பெயர் சொன்னாள், "மூணாம் நம்பர், சுக்குக் கடை," என்று வரிசைப்படி. அந்த ஆள் எங்கள் பின்னாலேயே ஆடிக்கொண்டு வந்தான்.

"செல்வீ, அதென்னது ஸ்கிரீன்ல?" நாசர் இக்கா எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல இக்கா. இப்ப முடிஞ்சிரும்."

"இது பேஜாராகும் மோளே. ஞான் பள்ளிக்குப் போணும். கடை அடைக்கணும்."

"அஞ்சு மினிட்டு இக்கா."

வீதி முழுவதும் போய்விட்டது. வெட்டவெளியில் வீடு மட்டும் நின்றது. அது ஒரே கட்டாகக் கட்டியது, ஒரு சொடுக்கு போதும். செல்வி சொல்லவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். சொடுக்கினேன்.

அதே நொடியில் திரை முழுவதும் ஒரு பெரிய எச்சரிக்கை வந்து விழுந்தது. வயது வந்தோர் மட்டும், என்று சிவப்பில். நாசர் இக்காவின் கை என் தோளுக்கு மேலாக வந்து மானிட்டரை அணைத்தது. அடுத்து மெயின் ஸ்விட்ச். ஆறு கணினிகளும் ஒன்றாக மூச்சை விட்டன.

"படச்சோனே," என்றார் மெதுவாக.  "நீங்க நல்ல குட்டிகள். எனிக்கறியாம். பட்சே போலீசுக்கு அறியுமோ?"

குவார்ட்டர்ஸில் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டோம். இரண்டு அறை, ஓதம் ஏறிய சுவர், ஜன்னல் கிழக்கே இல்லை. செல்வி அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு சிம்மைத் தேடி எடுத்தாள், கழுவப் போனாள், நான் தடுத்தேன். இக்கா தொழுகை முடிந்து கடை திறந்ததும் மெயில் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்குக் கேரளத்தில் ரோமிங், எடுத்தால் காசு போகும். ஆகவே எல்லாம் பெட்டிக்கு வந்திருந்தால் ஒரு மிஸ்டு கால். ஒரே ரிங். வராவிட்டால் ஒன்றும் இல்லை.

இரண்டரை மணிப் படகு. அங்கிள் துறைவரை வந்தார். "அடுத்த தடவை பேடிக்காம மாடி ஏறு," என்றார். படகு விலகியதும் வீதிக் கடைசியைத் தேடினேன். தண்ணீரிலிருந்து பார்த்தால் அந்த மிளகுக் கிட்டங்கியின் பின்சுவர் தெரிகிறது, பாசி படிந்து. படி இறங்க நல்ல இடம்தான்.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எறணாகுளத்தில் அடிக்கவில்லை. திருச்சூரில் அடிக்கவில்லை. பாலக்காட்டில் சிக்னல் இருக்கிறதா என்று பக்கத்து ஆளிடம் கேட்டேன், இருந்தது. என் வீட்டுப் பத்திரம் அப்பாவின் பீரோவில், பழைய பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதை ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அன்றைக்கு ரயிலில் நினைத்தேன். யாராவது அந்தத் தெருவுக்கு ஒரு முத்திரை குத்தி, உன் பிறந்தநாள் பொருந்தவில்லை, நீ உள்ளே வராதே என்றால்?

வாளையாறுக்குப் பக்கத்தில் போன் அடித்தது. ஒரு ரிங். நான் மூச்சு விட்டேன். இரண்டாவது ரிங். மூன்றாவது. நிற்கவில்லை. எடுக்கப் பயந்தேன். எடுத்தேன்.

"எல்லாம் வந்துச்சு," என்றாள் செல்வி.  "ஒண்ணொண்ணுக்கும் இப்பவரைக்கும் மெயில் வந்துட்டிருந்துச்சு. வீடு வந்துச்சு. போட்டோ வரலை."

"வீட்டோடதானே..."

"போட்டோவைத் தனியாத் தொங்கவிட்டேன் தீபா. வீட்டோட கெட்டலை. அதுக்குள்ள இக்கா ஸ்விட்ச அணச்சிட்டாரு. அது அங்கயே கெடக்கு."

"வீட்டுக்குப் போனதும் நான் எடுத்து அனுப்பறேன். நீ கடையிலேயே இரு, மெயில் வந்தா ஒரே ரிங்," என்றேன்.

கோயம்புத்தூர் வந்து வீடு சேர ஏழரை ஆகிவிட்டது. "இன்டர்வியூ எப்படி?" என்று அம்மா கேட்டாள். "கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க," என்று சொல்லி நேரே என் அறைக் கணினிக்குப் போனேன். கதவைத் தாழிட்டேன். ஏ பகுதிக்குள் நுழைய எனக்கு அனுமதி இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிவப்பு எச்சரிக்கையில் 'சரி' என்று அழுத்தும்போது யாரோ பின்னால் நிற்பதுபோல இருந்தது.

எங்கள் மனை வெறுமையாக இருந்தது. சுற்றிலும் புதுக் கட்டடங்களின் விளக்குகள். மனையின் ஓரத்தில், சுவர் இல்லாமல், ஆணி இல்லாமல், வெறும் காற்றில், முருகேசன் அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டு உருவங்கள். ஒருத்தி அவர் பல்லைப் பற்றி ஏதோ எழுதினாள். இன்னொருவன் அவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

நான் நடந்து போய்ப் போட்டோவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன்.

யார் இவர் என்று ஒருவன் எழுதினான்.

இந்த நிலத்துக்காரர் என்று எழுதினேன். சொடுக்கினேன்.

அவர் போனார். கும்பல் கொஞ்சநேரம் வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்தது. நான் நகரவில்லை. மேசையில் போனை மல்லாத்தி வைத்துவிட்டு, அதன் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, உள்ளே அந்த வெறும் மண்ணில் நின்றேன். அம்மா கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். வரேன் என்றேன். இரண்டாம் முறை தட்டினாள்.

போன் அடித்தது. ஒரு ரிங். நின்றது. அது மறுபடி அடித்துவிடக் கூடாதே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.